தெருவும் ஓர் அமானிதமே!

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும், அவர்களின் அடிச்சுவட்டில் வாழ்ந்த, வாழுகின்ற நல்லோர் அனைவர் மீதும் நிலவட்டுமாக!

கண்ணியத்திற்குரிய முஸ்லிம் பெருமக்களே! இறையச்சத்தைக் கடைப்பிடிக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசித்தவனாக இவ்வுரையைத் தொடங்குகின்றேன்.

இன்று நாம் சிந்திக்கவிருப்பது தெருவைப் பற்றி. நாம் நடந்து வருகின்ற சாலை, வாசலில் வைக்கின்ற குப்பை, பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும் வாகனம் ஆகியவற்றைப் பற்றி. 'இதெல்லாம் நகராட்சி மன்றத்தில் பேச வேண்டிய விஷயம் அல்லவா? மிம்பரில் இதற்கு என்ன இடம்?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்த எண்ணத்திற்கு அண்ணலார் (ஸல்) அவர்களே விடையளித்துச் சென்றிருக்கிறார்கள்.

ஈமானின் கடைசிக் கிளை

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றில் உயர்ந்தது 'லா இலாஹ இல்லல்லாஹ்' எனும் கலிமா என்றும், கடைசியானது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. கலிமாவும் தெருவும் ஒரே மரத்தின் கிளைகளாக எண்ணப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கடைசிக் கிளை என்பதால் அது வேண்டாத கிளை ஆகிவிடாது. மேலே இருக்கும் கிளையை எட்ட விரும்புகிறவன் கைக்கெட்டும் கிளையை ஒடித்துப் போடலாமா?

அபூபர்ஸா (ரலி) அவர்கள் நபிகளாரிடம் வந்து, தமக்குப் பலன் தரும் ஓர் அமலைக் கற்றுத் தருமாறு வேண்டினார்கள. இரவு முழுதும் நின்று வணங்கும்படியோ, நாள்தோறும் நோன்பு நோற்கும்படியோ நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை. மக்கள் செல்லும் பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றும்படி கூறினார்கள். வழியில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய ஒரு மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு அவரை மன்னித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

ஒரு முள்ளை அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், அந்த முள்ளைக் கொண்டுவந்து போட்டவரின் நிலை என்ன? நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பாதை யாருக்குச் சொந்தம்?

மதீனாவில் ஓர் ஊரும் ஆட்சியும் உருவானபோது, பாதையின் அகலத்தில் கருத்து வேறுபாடு எழுமானால் அதனை ஏழு முழமாக ஆக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஏறத்தாழப் பத்தரை அடி. சுமையுடன் போகிறவரும் வருகிறவரும் தடையின்றிக் கடப்பதற்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். இன்று ஒரு நகர்மன்றம் செய்கின்ற வேலையை அன்று அல்லாஹ்வின் தூதரே செய்திருக்கிறார்கள்.

அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் மட்டுமே அதனை நினைவுகூர்கிறோம். வீட்டுப் படிக்கட்டைச் சாக்கடைக்கு மேல் நீட்டும்போதும், கடையின் கூரையைச் சாலைக்கு இழுக்கும்போதும், மணலும் ஜல்லியும் தெருவில் கொட்டி மாதக்கணக்கில் வைத்திருக்கும்போதும் அந்த எச்சரிக்கை நம் நினைவுக்கு வருவதில்லை. ஒருவருக்குச் சொந்தமான நிலத்தில் சாண் அளவு எடுத்தால் உரிமையாளர் ஒருவர். தெருவில் எடுத்தால் அவ்வழியே நடக்கும் ஒவ்வொருவரும் உரிமையாளர்.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், தெருக்களில் நடக்கும் தீமைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். பாதையைக் குறுக்கும் வகையில் திண்ணைகளும் தூண்களும் அமைப்பது, நடப்பவர்களின் ஆடையைக் கிழிக்கும் முள்விறகுச் சுமையை நெரிசலான வழியில் ஓட்டிச் செல்வது, கசாப்புக் கடைக்காரர் வாசலிலேயே அறுத்துப் பாதையை இரத்தத்தால் அசுத்தமாக்குவது, பழத்தோலை வழியில் எறிவது, வழுக்கி விழும் அளவுக்குத் தண்ணீர் தெளிப்பது ஆகிய யாவற்றையும் அவர்கள் அதில் கண்டிக்கிறார்கள். வாகனப் பிராணிகளைப் பாதையில் கட்டி வைப்பதும் அப்பட்டியலில் உண்டு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேவைப்படும் நேரம் மட்டுமே அதற்கு அனுமதி. அதற்கு மேல் நிறுத்தினால் அது தடுக்கப்பட வேண்டிய தீமை என்கிறார்கள். ஒட்டகம், கழுதை என்று இருக்கும் இடத்தில் கார், பைக் என்று வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது நம் தெருவுக்கு இன்றும் அப்படியே பொருந்துகிறது.

வெள்ளிக்கிழமை நண்பகல்

சகோதரர்களே! நம் பள்ளிவாசல்கள் பலவற்றின் முன்னால் வெள்ளிக்கிழமை நண்பகலில் காணப்படும் காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள். பாங்கு சொல்லி முடிந்திருக்கும். தாமதமாக வந்தவர் வண்டியைப் பார்த்த இடத்தில் நிறுத்திவிட்டு முதல் ரக்அத்தைப் பிடிக்க ஓடுகிறார். அவருடைய வண்டிக்குப் பின்னால் இன்னொன்று. எதிர் வீட்டு வாசல் அடைபட்டுவிடுகிறது. அந்த வீட்டில் இருப்பவர் முஸ்லிமாகவும் இருக்கலாம். மாற்று மதச் சகோதரராகவும் இருக்கலாம். அவர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தால், குத்பா முடிந்து, தொழுகை முடிந்து, நாம் ஒருவரோடொருவர் முஸாபஹா செய்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அழைத்தால் வாகனம் வந்துவிடும். ஆனால் தெருமுனையிலிருந்து நோயாளியின் வாசல் வரையுள்ள தூரம் நம் கையில் இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கும் பிரசவ வலியில் துடிப்பவருக்கும் அந்தச் சில நிமிடங்களே உயிர்.

'தொழுகைக்குத்தானே வந்தேன்' என்று சொல்லித் தப்பிக்க இயலுமா? முஆத் பின் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் உள்ளது. ஒரு போர்ப் பயணத்தின்போது மக்கள் தங்குமிடத்தை நெருக்கடியாக்கி, பாதையையும் அடைத்துக்கொண்டார்கள். உடனே நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பினார்கள். தங்குமிடத்தை நெருக்குகிறவருக்கும் பாதையை அடைக்கிறவருக்கும் ஜிஹாது இல்லை என்று அவர் மக்களிடையே முழங்கினார். உயிரையே பணயம் வைத்துப் புறப்பட்டவர்களின் அமல் அது. அதன் கூலிக்கே பாதையடைப்பு ஆபத்தாகிறது என்றால், நமது ஜும்ஆவுக்குப் புறப்பட்ட நன்மையை நாம் வண்டியோடு சேர்த்து எங்கே நிறுத்திவிட்டு வருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் நடந்தே வாருங்கள். பள்ளிக்கு நடந்து வரும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு. வாகனத்தில் வருகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டு, யாருக்கும் தடையில்லாத இடத்தில் நிறுத்துங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாலை நெருக்கடி என்றவுடன் எல்லோருடைய விரலும் தள்ளுவண்டிக்காரரை நோக்கியே நீள்கிறது. 2014-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தெரு வணிகர் சட்டம் அவருடைய வாழ்வாதாரத்தை உரிமையாக ஏற்று, விற்பனைக்கான இடங்களை முறைப்படுத்தும் குழுவில் வணிகர்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் வகுத்தது. முறைப்படி ஒதுக்கிய இடத்தில் ஒரு கூடைப் பழம் விற்பவரை விரட்டச் சொல்லிவிட்டு, நமது பெரிய காரை நாள் முழுவதும் சாலையில் நிறுத்துவது நீதியாகாது.

குப்பை எங்கே போகிறது?

இதனை வீட்டில் அமர்ந்து வாசிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! சுத்தம் ஈமானோடு இணைந்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கற்கும் முன்பே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டைப் பெருக்கித் தெருவில் தள்ளுவதற்குச் சுத்தம் என்று பெயரில்லை. அசுத்தத்தை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

நாம் வீசுவது நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, பூமியிலிருந்து மறைவதில்லை. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கிலும் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அந்தக் குப்பையை உண்டாக்கியவர்கள் மட்டும் அல்லர். கிடங்கின் அருகே குடியிருக்க நேர்ந்த எளிய மக்களும் அவர்களின் குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். எங்கள் தெருவில் வேண்டாம், எங்கள் வார்டில் வேண்டாம் என்று வசதியுள்ளவர்கள் தள்ளத் தள்ள, அது குரலற்றவர்களின் வாசலில் போய்ச் சேருகிறது. தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு இழைத்தலும் கூடாது என்பது நமது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அது இங்கும் பொருந்தும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் எனக் கடமையாக்கின. காய்கறித் தோலையும் மீன் கழிவையும் பிரித்துக் கொடுத்தால் அது உரமாகும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி எறிந்தால் அதுவே நாற்றமாகவும் நோயாகவும் நெருப்பாகவும் மாறும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. நம் வலீமா விருந்துகளிலும் நோன்புக் கஞ்சி விநியோகத்திலும் அந்தத் தடைக்கு எவ்வளவு மதிப்பளித்தோம்? விருந்து முடிந்த மறுநாள் காலையில் மண்டபத்தின் பின்புறம் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குர்பானி நாட்களில் இன்னும் கூடுதல் பொறுப்பு நமக்குண்டு. அல்லாஹ்வுக்காக அறுத்தோம், இறைச்சியை மூன்றாகப் பங்கிட்டோம், ஏழைகளின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் குடலும் கழிவும் தெரு ஓரத்தில் கிடந்து நாய் இழுக்குமானால், அவ்வழியே செல்பவர் நம் இபாதத்தை எப்படிப் புரிந்துகொள்வார்?

குப்பை அள்ளும் கரங்கள்

பெருமக்களே! நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கும் பணியில் ஒரு கறுப்பு நிறப் பெண்மணி ஈடுபட்டிருந்தார். ஒருநாள் அவரைக் காணவில்லை. நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கூறப்பட்டது. அதைத் தமக்குத் தெரிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தோழர்கள் அதனை அவ்வளவு பெரிய விஷயமாகக் கருதியிருக்கவில்லை. அண்ணலார் அந்தக் கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

இப்போது நம் தெருவில் குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடைந்த கண்ணாடியை, பயன்படுத்திய ஊசியை, குழந்தையின் அசுத்தத் துணியைத் தாளில்கூடச் சுற்றாமல் நாம் எறிகிறோம். அவர் கையால் எடுக்கிறார். அவர் கையில் வழியும் இரத்தத்திற்கு நாம் பொறுப்பில்லையா?

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் சாக்கடைக் குழிகளில் இறங்கியவர்கள் நச்சுக்காற்றில் மாண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தித் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் ஓர் ஆளை இறக்க நினைக்கும் முன், சில நூறு ரூபாய் மிச்சப்படுத்த ஓர் உயிரை ஈடு வைக்கிறோம் என்பதை எண்ணி அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் கொண்டுதான் அந்தப் பணியைச் செய்ய வேண்டும்.

மன்றத்தில் அமர்ந்தோரும் அமர்த்தியோரும்

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரியவையாக 18 பொறுப்புகளைக் குறிக்கிறது. சாலைகள், திடக்கழிவு மேலாண்மை, தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம் ஆகியவை அவற்றில் அடங்கும். ஆகவே இவை உறுப்பினர் மனமிரங்கிச் செய்யும் உதவிகள் அல்ல. அவர் தோளில் உள்ள அமானிதங்கள். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்; ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி நமக்குத் தெரிந்ததே.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தனியாகக் கண்டித்துவிட்டு விடவில்லை. மிம்பரில் ஏறி மக்கள் முன் பேசினார்கள். அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். சாலை ஒப்பந்தத்தில் பங்கு, கட்டட அனுமதியில் கையூட்டு, குப்பை வண்டி வாங்குவதில் தரகு என்று எதைப் பெற்றாலும் இந்தக் கேள்வியே அளவுகோல். கமிஷனுக்காகக் கனம் குறைக்கப்பட்ட சாலை அடுத்த மழைக்குத் தாங்காது. அதன் பள்ளத்தில் விழுந்து இறப்பவரின் குழந்தைகள் மஹ்ஷரில் யாருடைய ஆடையைப் பிடிப்பார்கள்?

ஆனால் கேள்வி மன்றத்தோடு நின்றுவிடாது. அந்த உறுப்பினரை அமர்த்தியவர்கள் நாம். வாக்குக்குப் பணம் வாங்கியவன் சாலையை முன்கூட்டியே விற்றுவிட்டான். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பின், 2022 பிப்ரவரி 19 வரை அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட நமக்கென ஓர் உறுப்பினர் இல்லாமல் இருந்தோம். அந்த உரிமையின் அருமையை அப்போதே நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் முஹல்லாக்கள் பல புறக்கணிக்கப்படுகின்றன என்ற ஆதங்கம் நமக்கு உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் தேநீர்க் கடையில் கொட்டித் தீர்த்த ஆதங்கத்தை எந்த அதிகாரியும் கோப்பில் ஏற்றுவதில்லை. கிராம சபைக் கூட்டங்கள் 2022-இல் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களுக்கென்று வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க விதிகள் வந்தன. அவற்றில் நம் ஜமாஅத்தினர் எத்தனை பேர் சென்று அமர்ந்தார்கள்? நம் தெருவுக்கு மட்டும் கேட்காமல், பக்கத்துக் காலனிக்கும் சேர்த்துக் கேட்கின்ற ஜமாஅத்தின் சொல்லுக்கு எங்கும் மதிப்புண்டு. சொத்து வரியைப் பல ஆண்டுகள் நிலுவையில் வைத்துக்கொண்டு சாலை கேட்பதில் வலிமையும் இல்லை, நியாயமும் இல்லை.

மன்னிப்பை யாரிடம் கேட்பது?

இவ்வுரையில் என் நெஞ்சை அதிகம் உறுத்துவது இதுதான். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடமே அழுது கேட்கலாம், அவன் மன்னிப்பாளன். அடியார்களின் உரிமையைப் பறித்திருந்தால், பறிகொடுத்தவர் மன்னிக்க வேண்டும். ஒருவரின் பணத்தை எடுத்திருந்தால் அவர் வாசலில் போய் நிற்கலாம். ஆனால் நீங்கள் வழியில் எறிந்த பழத்தோலில் வழுக்கி விழுந்தவர் யார்? நீங்கள் நிறுத்திய வண்டியால் மருத்துவமனைக்குத் தாமதமாகச் சென்றவர் யார்? நீங்கள் எரித்த குப்பையின் புகையில் மூச்சுத் திணறிய குழந்தை எது? பெயரும் முகவரியும் தெரியாத அந்த மனிதர்களை எங்கே தேடுவீர்கள்?

தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிக்கு ஈடாக நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்பவனே உண்மையில் திவாலானவன் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தினார்கள். தெருவில் சேர்த்த கடன் அத்தகையது. கடன்காரர்கள் அத்தனை பேரையும் நாம் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் மறுமையாக இருக்கும். ஆகவே அந்தக் கடனை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பள்ளி நிர்வாகிகளே! வெள்ளிதோறும் நான்கு இளைஞர்களை வாகனங்களை ஒழுங்குபடுத்த நியமியுங்கள். ஆம்புலன்சும் ஜனாஸாவும் செல்லும் அளவுக்கு வழி எப்போதும் திறந்திருக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே நகராட்சிச் சுகாதார அலுவலரைச் சந்தித்து, குர்பானிக் கழிவை எங்கே, எப்போது ஒப்படைப்பது என்று முடிவு செய்யுங்கள். குடும்பத் தலைவர்களே! பாதைக்குள் நீண்டிருக்கும் உங்கள் படிக்கட்டையும் கூரையையும், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் நீங்களே பின்னுக்கு எடுங்கள். தாய்மார்களே! இரண்டு வாளிகளை வையுங்கள். கண்ணாடியையும் ஊசியையும் தனியே தாளில் சுற்றிக் கொடுங்கள். வண்டியில் வருபவருக்கு வெயில் நேரத்தில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பிள்ளைகளே! பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கல்லையோ முள்ளையோ கண்டால் எடுத்து ஓரம் போடுங்கள். யாரும் பாராட்டமாட்டார்கள், அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளைப் போன்றே எங்கள் தெருக்களையும் தூய்மையாக்கி வைப்பாயாக! எங்கள் பொறுப்பில் உள்ளோருக்கு நேர்மையையும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் எங்களுக்கு அறிவையும் அருள்வாயாக! எங்கள் அசுத்தத்தைச் சுமக்கும் கரங்களுக்கு ஆரோக்கியத்தையும் கண்ணியத்தையும் தருவாயாக! நாங்கள் அறியாத மனிதர்களுக்கு அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்காக அவர்களை எங்கள் மீது பொருத்தம் கொள்ளச் செய்வாயாக! எங்கள் பாதைகளைச் சுவனத்தின் பாதையாக ஆக்குவாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!